கண்ணடித்த அருந்ததி

பட்டப்பகலிலும் மின்னும் வாடகைச் செயற்கைக்கோளைக் காட்டினால்தான் இப்போதெல்லாம் அருந்ததி பார்த்ததாக அர்த்தம். வற்றல் மண்டி கனகவேல், மகள் கல்யாணத்துக்குப் புதியதை அமர்த்தாமல், ஆயுள் முடிந்து தறிகெட்டு உருளும் பழையது ஒன்றைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு முடித்திருந்தார்.

பொன்னரசி அம்மி மிதித்தாள். மாப்பிள்ளை வானத்தைக் காட்டினார். அருந்ததி பளிச்சென்று எரிந்தாள், மங்கினாள், மறுபடியும் எரிந்தாள்.

“ஏலே, பத்தினித் தெய்வம் நம்ம மாப்பிள்ளையப் பாத்துக் கண்ணடிக்கால்லா!” என்று கூவினார் சம்பந்தியின் தம்பி. பந்தலே சிரித்தது.

“மேகம் மறைக்குது மச்சான்” என்றார் கனகவேல். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

பொன்னரசி அவர் காதோடு கேட்டாள்: “இவரையும் பேரம் பேசித்தான் பிடிச்சீங்களாப்பா?”

பேசித்தான் பிடித்திருந்தார்.

அண்ணாந்து நின்ற அத்தனை பேர் நடுவில், அவர் ஒருவர்தான் குனிந்து அம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.