அடையாளம் சொல்ல வந்தவள்

"பொன்னி எங்கே? அவ வந்து பார்த்துச் சொல்லட்டும்!"

விழுப்புரம் ஜங்ஷனே பொன்னி அக்காவைத்தான் தேடிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

மதராஸ் போகிற பகல் ரயிலில் நடிகை மரகதவல்லி வருகிறாள் என்று போர்ட்டர் தேவநாதன் முதல் நாளே ஊரைக் கூட்டிவிட்டான். ஆனால் வேஷம் போடாத மரகதவல்லியை யார் கண்டது? படத்தில் கிரீடமும் கல் அட்டிகையுமாக வருகிறவள். சாதாரணப் புடவையில் எதிரே வந்தால் எவருக்கும் தெரியாது.

பொன்னி அக்காவுக்குத் தெரியும். மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிறவள். டென்ட் கொட்டகை மணலில் உட்கார்ந்து அந்த ஒரே படத்தைப் பதினாலு தடவை பார்த்தவள். வகிடு, பொட்டு, ரவிக்கைக் கை எல்லாம் மரகதவல்லி மாதிரிதான். எங்கள் தெருவில் அவளைப் பைத்தியம் என்றார்கள். எட்டாவதோடு நின்றுவிட்ட நானும்தான் சொன்னேன், முகத்துக்கு நேராகவே.

அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, திருவாமாத்தூரிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சு.

"ஒரே ஒரு வார்த்தை பேசணும் மேரி. 'நீங்க சிரிச்சா எனக்குக் கை வலி மறந்து பூடுதும்மா'ன்னு சொல்லணும். அது போதும்டி எனக்கு."

"ஜல்தி நடக்கா. ரயிலு போயிடப் போவுது."

ரயில் வந்தது. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிஷம் நிற்கும். கூட்டம் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தது. பெண்கள் பெட்டியில் முக்காடு போட்ட ஒருத்தி மட்டும் மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"இதான்யா மரகதவல்லி!"

"போய்யா, இது எவளோ."

"கதவை இஸ்துத் தெற!"

"இரு, இரு. பொன்னி, நீ ஏறிப் பாரு!"

பொன்னி அக்கா படியில் தொற்றி ஏறி ஜன்னலுக்குள் தலையை விட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, சொல்லு!"

இறங்கினாள். "இவங்க இல்ல. இது யாரோ ஊட்டு அம்மா. முன்னால ஃபஸ்ட் கிளாஸ்ல போய்ப் பாருங்க."

கூட்டம் இஞ்சின் பக்கம் ஓடியது. பொன்னி அக்கா ஓடவில்லை. ஜன்னல் சட்டத்தை இழுத்து மூடினாள். ரயில் நகரும் வரைக்கும் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கோபம் போல, என்று நினைத்தேன்.

வெறுங்கையோடு திரும்பிய கூட்டத்துக்குக் கடிக்க யாராவது வேண்டுமே.

"இன்னாம்மே, உன் மரகதவல்லி உனக்கே டேக்கா குடுத்துட்டாளா?"

"பதினாலு தடவை பார்த்தியே, பதினைஞ்சாவது தடவையும் கொட்டாயிலயே போய்ப் பாரு, போ!"

தேவநாதன்கூட, பொய்ச் சேதி சொன்ன வெட்கமில்லாமல், சேர்ந்து சிரித்தான்.

திரும்பி வரும்போது நான்தான் வெடித்தேன். "ஒரு நாள் வேலையும் போச்சு, ஊரு சிரிப்பும் கெடைச்சுது. வராத ஒருத்திக்காவ எனக்கும் பேஜாரு."

"வந்தாங்க," என்றாள்.

நின்றுவிட்டேன். "இன்னா?"

"மூலையில இருந்தது அவங்கதான்."

"அப்புறம் ஏன் இல்லன்னு சொன்னே? ஒரு வார்த்தை பேசணும்னு உசுரை விட்டியே!"

பொன்னி அக்கா நடையை நிறுத்தவில்லை.

"அழுதுக்கினு இருந்தாங்க மேரி. கொட்டாயில நாம பார்த்தோமே, அந்த அழகு அழுகை இல்ல. மூக்கு ஒழுவ, முந்தானைய வாயில அடைச்சிக்கினு, சத்தம் வராம. அது நாம பாக்கறதுக்கு எடுத்த படம் இல்லடி."