கும்கி கேட்ட இடம்

எந்தப் பக்கம் வலசை போவது என்பதை அந்தக் காட்டு யானைகள் ஆற்றங்கரையில் கூடிப் பேசித்தான் முடிவு செய்யும். மனிதர்கள் உருட்டிக் கொடுக்கும் கவளத்தைத் தின்பவனுக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் இடம் கிடையாது.

காட்டு யானைகளைப் பிடிப்பதற்கென்று முகாமில் பழக்கிய கும்கி பரணிக்கு அது தீராத மனக்குறை. ஒருநாள் கால் சங்கிலி தரையில் இழுபட, கூட்டத்தின் நடுவிலேயே வந்து நின்றான்.

“பெரியம்மா, நானும் இந்தக் காட்டில் பிறந்தவன்தானே? முகாமில் எனக்கு நல்ல பேர் இருக்கு. அங்கே உங்களுக்காகப் பேசுறேன். இங்கேயும் ஒரு வார்த்தை சொல்ல விடுங்க.”

கூட்டத்தின் தலைவி தன் காலடியில் நின்ற குட்டியைத் துதிக்கையால் தடவினாள். “நாளைக்கு இவனைப் பிடிச்சுக் கட்டச் சொன்னா என்னப்பா செய்வே?”

பரணி யோசித்தான். அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“கயிறு இறுகாம பார்த்துக்குவேன், பெரியம்மா.”

குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு யானைகள் ஆற்றில் இறங்கின.

நல்ல பதில்தானே சொன்னோம், எப்படியும் கூப்பிடுவார்கள் என்று பரணி கரையிலேயே காத்து நின்றான்.