ஐம்பது கேபிக்குள் ஒரு பெருங்கவி

காலத்தை வென்ற கவிஞனை எந்த அளவுகோலாலும் அளந்துவிட முடியாது. விருதுக் குழுவின் இணையதளம் மட்டும் ஐம்பது கேபிக்கு மேல் ஆகாது என்றது. கவிஞர் அமுதேந்திரனின் படம் பன்னிரண்டு எம்பி இருந்தது. விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

"பிஎன்ஜி எடுக்காதுன்னு ஜேபிஜியா மாத்திட்டேன் சார். ஆனா பின்னாடி இருக்கிற புத்தக அலமாரிதான் சைஸை ஏத்துது. வெறும் வெள்ளையாக்கிடவா?" என்றாள் கணினி மையத்து ஸ்டெல்லா.

"அறிவையே அழிக்கிறேங்கிறியேம்மா! நடுவருங்க அதைப் பார்த்துத்தானே நான் யாருன்னு முடிவு பண்ணுவாங்க?"

"அப்ப முகத்தைத்தான் மங்க வைக்கணும்."

"முகம் போனாப் போகட்டும். புத்தகம் பளிச்சுனு இருக்கணும்."

ஸ்டெல்லா ஓரங்களை வெட்டி, முகத்தைக் கரைத்து, தரத்தை ஏற்றி இறக்கி, நாற்பத்தொன்பது கேபியில் கொண்டுவந்து நிறுத்தினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகப் பச்சை எழுத்து வந்ததும் கவிஞர் உற்சாகமாக இரண்டு டீ சொன்னார்.

ஸ்டெல்லாவுக்கும் பெருமை தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாருங்க சார், தலைப்பெல்லாம்கூட வாசிக்க முடியுது!"

முடிந்தது. இருபத்திரண்டு புத்தகங்களும் அவருடைய முதல் தொகுப்பின் பிரதிகள்.