தங்கக் கரை போட்ட சர்டிபிகேட்

டமால்!

மொட்டை மாடியிலிருந்து வந்த சத்தத்தில் பயிற்சி நிலையத்தின் கண்ணாடிக் கதவே ஒரு முறை நடுங்கி நின்றது.

அப்போதுதான் உள்ளே கால் வைத்த பெரியவர், இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"பயப்படாதீங்க சார்! யாரோ புதுப் பையன் ட்ரோனைக் கொண்டுபோய் வலைக்கூண்டுல மோதிட்டான்" என்று சேர்க்கை மேஜையிலிருந்து எழுந்து ஓடினாள் அஃப்சருன்னிசா.

"ஓட்டுனவனுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஓட்டுறவர் தரையில நிக்கிறார் சார். மேல பறக்கிறது மிஷின் மட்டும்தான். விழுந்தா றெக்கை உடையும், அவ்வளவுதான்."

"நல்ல தொழிலு" என்றார் அவர். எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெயர் தங்கவேல். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் படங்களுக்குப் பிரேம் போடும் கடை. பல நாள் தாடி. மடியில் ஜவுளிக்கடைப் பை ஒன்று. அதிலிருந்து மூன்று பயிற்சி நிலையங்களின் நோட்டீஸ்களை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"மூணு எடம் பாத்துட்டேன். நாலாவது இங்க. எம்புள்ளைக்குத்தான். இந்தத் தபா ஏமாறக் கூடாது."

அஃப்சருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் ஒரே ஒரு இடம் காலி. இன்று அதை நிரப்பிவிட்டால் மேலாளரின் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

"இந்தத் தபான்னா? முன்னாடி எங்கயாவது சேர்த்தீங்களா?"

அவர் பையிலிருந்து ஒரு பிரேமை எடுத்தார். தேக்குக் கட்டை, பளிங்கு போலத் துடைத்த கண்ணாடி. உள்ளே தடித்த காகிதம், தங்கக் கரை, சிவப்பு முத்திரை. அரசாங்க அனுமதி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கழுகு பறந்துகொண்டிருந்தது.

"தி.நகர்ல ஒரு மாடில, மூணே நாள்ல குடுத்தாங்க. புள்ள வேற எடம் சொன்னான். நான்தான், டேய், நாப்பது வருசமா ஊரான் சர்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டுக்கினு கீறேன், நல்ல சர்டிபிகேட் எதுன்னு எனக்குத் தெரியாதான்னேன். பேப்பரத் தொட்டுப் பாத்தேன். நல்ல கனம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோவுக்கு வேல கேட்டு எடுத்துனு போனான். அந்த ஓனர், தம்பி, இது பிரேம் போட்டு மாட்டத்தான் லாயக்குன்னு சொல்லி அனுப்பிட்டான்."

"தம்பி உங்ககிட்ட சண்டை போட்டாரா?"

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு வார்த்த கேக்கல. நான் பிரேம் போட்டேனேன்னு செவுத்துலருந்து கழட்டக்கூட இல்ல. மறுநாளே டெலிவரி பையத் தூக்கி முதுவுல மாட்டிக்கினு பைக்க எடுத்துட்டான்."

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு மூச்சு விடாமல் பதில் சொன்னாள் அஃப்சருன்னிசா. அனுமதிக் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றியே காட்டினாள். அவர் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. விரலை வைத்து எண்ணை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"பைலட்டுன்னே போட்டுத் தருவீங்களா?"

"ஆமா சார். ரிமோட் பைலட். பத்து வருஷம் செல்லும்."

"பத்து வருசம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று நோட்டீஸ்களையும் மடித்துப் பைக்குள் போட்டார். "இதான் சரியான எடம். ஃபாரம் குடும்மா."

பெயர்: புகழேந்தி. வயது: இருபத்தொன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். புகைப்படத்தையும் ஓரங்களை அளந்து வெட்டிக் கொண்டுவந்திருந்தார். கட்டத்துக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் பையன்.

முன்பணத்தை எடுத்து வைத்தார். "சீல் குத்திக் குடும்மா, எடுத்துனு போறேன்."

"அவர் கையெழுத்து இல்லாம எப்படி சார் குத்துறது?"

"கையெழுத்து வேணாம். சீல் இருந்தாப் போதும்."

அஃப்சருன்னிசா சத்தமாகவே சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே! ஐயா வீட்ல உக்காந்திருப்பார், அப்பா நாலு எடம் அலையணும். பைலட் ஆகிறதுக்கு முந்தியே இவ்வளவு பந்தாவா? நாளைக்கு ஒரு நடை நேர்ல வரச் சொல்லுங்க சார்."

தங்கவேல் கோபப்படவில்லை. ஃபாரத்தில் இருந்த முகத்தின் மேல் படிந்த தூசியை, கண்ணாடியைத் துடைப்பது போல, கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார்.

"நாளைக்கு அவனுக்குப் பதினாறாம் நாள் படையல்மா. மீன்கொழம்ப அவங்கம்மா வச்சிடுவா, இத நான்தான் வைக்கணும்."