ஆறாம் நம்பர் கால்

குப்புறப் படுத்தால்தான் நுரையீரலுக்குள் காற்று போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அந்தத் தொற்று வார்டில் பதினோரு நாட்களாகத் தவசிக்கண்ணு பார்த்ததெல்லாம் தரையில் வந்துபோகும் கால்களை மட்டும்தான். அது அவருக்குப் புதிதும் அல்ல. இருபத்தாறு வருடமாகச் செருப்புக் கடையில் குட்டை ஸ்டூல் போட்டு, வருகிறவர்களின் கால்களைப் பார்த்தே அளவு சொன்னவர். நீல பிளாஸ்டிக் உறை மாட்டிய கால்களில் ஒரு ஜோடி இழுத்து இழுத்து நடந்தது. அது கட்டிலருகே வந்து நின்றால் அவருக்கு மூச்சு லேசாகும்.

"உங்க கால் ஆறு சிஸ்டர். ஏழு போட்டிருக்கீங்க." மூன்று நாட்களில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இங்க குடுத்தது இதுதாண்ணே. பேசாம மூச்ச இழுங்க."

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், கவச உடை இல்லாமல் ஐந்து நர்சுகள் வாசலில் வந்து நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. இழுத்து நடக்கும் காலைத் தேடினார். ஒருத்தியும் இழுத்து நடக்கவில்லை. அவர் முகம் வாடுவதற்குள் புது ஷூ போட்ட ஒரு கால் முன்னால் நீண்டது. தவசிக்கண்ணு குனிந்து, ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"சரியா இருக்கு. நடந்து பாருங்க," என்றார், கடையில் சொல்வதுபோல.

"மொதல்ல நீங்க நடந்து பாருங்கண்ணே," என்று அவள் கையை நீட்டினாள்.