மீதிப் பாதி

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான ஞாயிறு வகுப்பில் முதல் வரிசை மனிதரின் கேள்விகளே தனி.

"டீச்சர், கழுத்துல கை பட்டாலே அழுதா என்ன பண்றது? முடி வெட்டுற மெஷின் சத்தம் ஆகலைன்னா?"

"முதல்ல அணைச்சு வச்ச மெஷினைக் கையில கொடுத்துப் பழக்குங்க. அடுத்து என்ன செய்யப்போறோம்னு படம் வரைஞ்சு காட்டுங்க."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

'அப்பான்னா இவர்!' பின்வரிசையில் ஒரு தாய் பெருமூச்சு விட்டாள். அவள் கணவன் மகனை ஒரே ஒருமுறை சலூனுக்கு அழைத்துப் போய், பாதி முடி வெட்டிய தலையோடு தூக்கி வந்தான். "இனி உன் பாடு" என்று கைகழுவிவிட்டான். ஆறு மாதமாக, மகன் தூங்கும்போதுதான் அவள் கத்தரியை எடுக்கிறாள். முதல் வகுப்பில் இதைச் சொல்லி அழுதும் இருக்கிறாள்.

கடைசி வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனாள்.

"அண்ணே, உங்களுக்குப் பையனா, பொண்ணா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா."

"அப்போ இங்க எதுக்கு வர்றீங்க?"

அவர் தயங்கி நோட்டைத் திறந்தார். நாற்காலி, துண்டு, சீப்பு, கத்தரி என்று வரிசையாகக் கோணல்மாணலான படங்கள்.

"உங்க பையன் இறங்கி ஓடினது என் கடை நாற்காலியிலிருந்துதாம்மா. செவ்வாய்க்கிழமை கடை லீவு. கூட்டம் இருக்காது, சத்தம் இருக்காது. கூட்டிட்டு வாங்க. மீதிப் பாதியை நான்தானே வெட்டணும்?"