டெய்சியைப் பிடித்த கை

மத்தியான வெயிலில் கோரமண்டல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் தகரக்கூரை படபடவென்று வெடிக்கிறது. அடுப்படி மூலையில், கோணிச் சாக்கின்மேல் டெய்சி கிடக்கிறாள். புல்டாக் சாதியிலேயே சின்ன உடம்பு. அதில் வயிறு மட்டும் பானையாக உப்பியிருக்கிறது. முதல் குட்டியின் பெரிய தலை வெளியே வர வழியில்லாமல் நேற்றிலிருந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. சப்பை மூக்கு வழியாக அவள் இழுக்கும் மூச்சு ஓட்டைத் துருத்திபோல் கேட்கிறது. தாமோதரன் ஷிப்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறான். "வயித்த அறுத்துத்தான் எடுக்கணும். பெங்களூர் போறவரைக்கும் இது தாங்காது" என்று மாட்டு டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். சீமைக்குத் திரும்பிய துரை, தாமோதரனிடம் நாயை ஒப்படைக்கும்போதே சொன்னார், இவளை இணை சேர்த்தால் செத்துப்போவாள் என்று. லைனே அதைக் கேட்டுச் சிரித்தது. "துரை வூட்டு நாயி நம்ம லைன்ல பெருகக்கூடாதாம். இன்னா வயித்தெரிச்சல் பாரு" என்று சொன்னவன் தாமோதரன்தான். வாசல் வெளிச்சம் மறைகிறது. ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்திருந்த பக்கத்து வீட்டு முனிரத்தினம், வைக்கோல் பரப்பிய கூடையோடு நிற்கிறார். "இன்னா தாமு, நம்ம குட்டி வந்துடுச்சா?" தாமோதரன் விசிறியைக் கீழே வைக்கிறான். விசிறி நின்றதும் டெய்சி கண்ணைத் திறக்கிறாள். தலையை மெல்ல நகர்த்தி அவன் வலக்கையை நக்குகிறாள். மேனேஜர் பங்களாவின் முரட்டு ஆண்நாயோடு சேர்த்த அன்று, அவள் திமிறத் திமிற கழுத்தை அழுத்திப் பிடித்திருந்த கை அது.